வேலி தாண்டிய பாட்டு

ஒரு பாட்டு எவருக்குச் சொந்தம் என்னும் வினா எளியதுபோலத் தோன்றும். சொல்லைக் கோத்தவர் ஒருவர், மெட்டைக் கட்டியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், இசைத்தட்டாக அச்சிட்டு விற்றவர் வேறொருவர், கேட்டு மகிழ்ந்து வாய்க்குள் முணுமுணுத்தவர் எண்ணிலர். இவர்களுள் உரிமை யாருக்கு? சட்டம் ஒரு விடை தரும். வாணிகம் ஒரு விடை தரும். மக்கள் மனம் பிறிதொரு விடை தரும். இம்மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்ற ஒரு பாட்டின் வரலாற்றை இங்கே நாம் காண்போம். "டென்னஸி வால்ட்ஸ்" என்பது அப்பாட்டின் பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் 1946-ஆம் ஆண்டில் அது பிறந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் நகரில் புத்துருவம் பெற்று, நாடெங்கும் பரவி, கடல் கடந்தும் சென்றது. நாட்டுப்புறத்தாருக்கு உரியதென்று ஒதுக்கப்பட்ட பாட்டொன்று நகரத்தாரின் பாட்டாகவும் ஆகிவிட்ட கதை இது.

இக்கதையை அறிவதற்கு முன், அந்நாட்டு இசை வாணிகத்தில் நின்ற வேலிகளை அறிதல் வேண்டும். 1923-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் ஜான் கார்ஸன் என்னும் பிடில் வாத்தியக்காரரின் பாட்டு இசைத்தட்டில் பதிவாயிற்று. நகரத்துச் செவிகளுக்குக் கரகரப்பாகத் தோன்றிய அத்தட்டு விற்பனையில் வியப்பூட்டியது. தென்பகுதி உழவர்களும், சுரங்கத் தொழிலாளரும், நூற்பாலைத் தொழிலாளரும் தங்கள் இசையைத் தட்டில் கேட்பதற்குக் காசு கொடுப்பார்கள் என்பதை வணிகர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். உணர்ந்தவுடன் வேலி போட்டார்கள். வெள்ளையராகிய நாட்டுப்புறத்தாரின் இசைக்கு "ஹில்பில்லி" என்று பெயர். மலைக்காட்டான் என்று ஏளனமாகச் சொல்வது போன்றது அச்சொல். கறுப்பு மக்களின் இசைக்கு "ரேஸ்", அதாவது இன இசை, என்று பெயர். நியூயார்க்கில் எழுதப்பட்டு நகரத்து நடன அரங்குகளில் ஒலித்த பாட்டுக்கு மட்டும் அடைமொழி ஏதும் தேவைப்படவில்லை. அது பொதுவான "பாப்" இசை. ஒவ்வொன்றுக்கும் தனி விலைப்பட்டியல், தனி வரிசை எண், தனி வாடிக்கையாளர்.

இசையிலோ இப்பிரிவு அத்துணை தெளிவாக இல்லை. ஹில்பில்லி இசையின் அடையாளமாகக் கருதப்பட்ட பாஞ்ஜோ என்னும் நரம்புக் கருவி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் நினைவிலிருந்து பிறந்தது. பிடில் இசையோ ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியோருடன் வந்தது. இரண்டும் ஒரே மண்ணில், ஒரே நடன மேடையில் கலந்தன. வேலி விலைப்பட்டியலில்தான் இருந்தது. ஆயினும் விலைப்பட்டியலின் வேலி மனிதர்களின் வாழ்வையும் வெட்ட வல்லது. அதற்கு ஒரு சான்று காண்போம்.

டென்னஸி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்லில் 1925-ஆம் ஆண்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வானொலி நிலையம் ஒன்றை நிறுவியது. டபிள்யூ.எஸ்.எம். என்னும் அந்நிலையத்தின் பெயர் எழுத்துகளே, லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம் என்னும் அக்கம்பெனியின் விளம்பர வாக்கியத்தின் முதலெழுத்துகள். சனிக்கிழமை இரவுகளில் அது ஒலிபரப்பிய நாட்டுப்புற இசை நிகழ்ச்சிக்கு 1927-இல் "கிராண்ட் ஓல் ஆப்ரி" என்று பெயரிட்டார்கள். மேனாட்டு ஆப்பரா என்னும் உயர்ந்த இசை நாடகத்தை விளையாட்டாக ஏளனம் செய்து இடப்பட்ட பெயர் அது. 1932-இல் நிலையத்தின் ஆற்றல் 50,000 வாட்டாக உயர்ந்தபோது, பல மாநிலங்களில் அந்நிகழ்ச்சி தெளிவாகக் கேட்டது. அந்த மேடையின் தொடக்ககாலப் புகழ்மிக்க கலைஞர்களுள் டிஃபோர்ட் பெய்லி என்னும் ஹார்மோனிகா வித்தகரும் ஒருவர். ஓடும் இரயிலின் ஓசையை அச்சிறு கருவியில் அப்படியே எழுப்புவார். அவர் கறுப்பினத்தவர். வானொலியில் நிறம் தெரியாது. ஊர் ஊராகச் செல்லும்போதோ உடன் ஆடிப் பாடியவர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடமில்லை.

1941-ஆம் ஆண்டில் பாட்டாசிரியர் உரிமைச் சங்கமாகிய ஆஸ்காப் கேட்ட உயர்ந்த தொகையைத் தர மறுத்து, வானொலி நிலையங்கள் அச்சங்கத்தின் பாட்டுகளை ஒலிபரப்புவதையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தன. அதற்கு மாற்றாக நிலையத்தார் 1939-இல் பி.எம்.ஐ. என்னும் தம் சொந்த அமைப்பை உண்டாக்கியிருந்தார்கள். நகரத்துப் பெரும் பாட்டாசிரியர்கள் பழைய சங்கத்தில் இருந்தமையால், புதிய அமைப்பு அதுவரை எவரும் மதியாத நாட்டுப்புறக் கவிஞர்களையும் கறுப்பினக் கவிஞர்களையும் நாடிச் சென்றது. பூசல் ஒன்று புறக்கணிக்கப்பட்டோருக்கு வாயில் திறந்தது. அதே பூசல் பெய்லியின் வாயிலை அடைத்தது. அவருடைய புகழ்பெற்ற இசைகள் பழைய சங்கத்தின் உரிமையில் இருந்தன. அவற்றை வாசிக்கக் கூடாது என்ற நிலையில், 1941-இல் அவர் ஆப்ரி மேடையிலிருந்து விலக்கப்பட்டார். நாட்டுப்புற இசையின் மதிப்புமிக்கோர் அவையில் அவர் பெயர் இடம் பெற்றது 2005-ஆம் ஆண்டில்தான். அதற்குள் அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

புதிதாகத் திறந்த வாயிலைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இருவர்: ஆப்ரியின் பெரும்பாடகர் ராய் அக்கஃபும், பாட்டாசிரியர் ஃபிரெட் ரோஸும். 1942-இல் அவ்விருவரும் நாஷ்வில்லில் அக்கஃப்–ரோஸ் என்னும் பாட்டுப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அதுகாறும் நாட்டுப்புறக் கவிஞன் தன் பாட்டைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டு, பின்னர் அது ஈட்டும் பொருளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதே வழக்கம். அவன் கணக்கை அவன் ஊரிலேயே எழுதிவைக்க ஒரு பதிப்பகம் தோன்றியது பெருநிகழ்ச்சி. டென்னஸி வால்ட்ஸ் அந்தப் பதிப்பகத்துக்கே வந்துசேர்ந்தது.

இனிப் பாட்டைத் தந்தவர்களிடம் வருவோம். பீ வீ கிங் என்று புகழ்பெற்றவரின் இயற்பெயர் ஃபிராங்க் குசின்ஸ்கி. 1914-ஆம் ஆண்டில் வடபகுதியாகிய விஸ்கான்ஸின் மாநிலத்தில் போலந்து நாட்டு வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை போல்கா நடன இசைக்குழு நடத்தியவர்; மகன் கற்றது அக்கார்டியன். வால்ட்ஸ் மன்னர் என்று அழைக்கப்பட்ட வெய்ன் கிங் என்னும் இசைக்குழுத் தலைவரின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். அவர் தம் குழுவுடன் 1937 முதல் பத்தாண்டுகள் ஆப்ரியில் பங்கு பெற்று, டிரம்மையும் டிரம்பெட்டையும் மின்சாரக் கித்தாரையும் அந்த மேடையேற்றியபோது, இவையெல்லாம் நாட்டுப்புற இசைக்கு அடுக்குமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் குழுவில் பாடகராகவும் பிடில் வாத்தியக்காரராகவும் இருந்தவர் ரெட் ஸ்டூவர்ட். அவர் டென்னஸியிலேயே பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் களத்தில் பணியாற்றித் திரும்பியவர்.

1946-இல் ஓர் இரவு. குழுவின் மூட்டை முடிச்சுகளை ஏற்றிய லாரியில் இருவரும் சென்றுகொண்டிருந்தார்கள். வண்டியின் வானொலியில் பில் மன்ரோ பாடிய "கென்டக்கி வால்ட்ஸ்" ஒலித்தது. அண்டை மாநிலத்துக்கு ஒரு வால்ட்ஸ் இருக்க, டென்னஸிக்கு ஒன்று இல்லையே என்றார் ஸ்டூவர்ட். குழுவினர் நெடுநாளாக வாசித்து வந்த பெயரில்லாத வால்ட்ஸ் மெட்டு ஒன்று இருந்தது. பெரிய தீப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் பின்புறத்தில் அந்த மெட்டுக்குச் சொற்களை எழுதத் தொடங்கினார்கள். பின்னர் ஃபிரெட் ரோஸிடம் காட்டியபோது அவர் ஓர் அடியை மட்டும் மாற்றினார். பாட்டின் தலைப்பை இருமுறை அடுக்கிச் சொல்லிய அடி, அவ்விரவை நினைவுகூரும் அடியாக மாறியது. அந்த ஓரடித் திருத்தம் பாட்டுக்கு நினைவின் துயரத்தைக் கொடுத்தது.

பாட்டின் பொருள் மிகச் சிறியது. ஒருவர் தம் காதலருடன் வால்ட்ஸ் இசைக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். பழைய நண்பர் ஒருவர் எதிர்ப்படுகிறார். அறிமுகம் செய்துவைக்கிறார். அவர்கள் இருவரும் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிவதற்குள் காதல் கைமாறிவிடுகிறது. இவ்வளவுதான். இதில் குதிரையில்லை, மலையில்லை, வயலில்லை. ஊர்ப்பெயர் ஒன்றைத் தவிர நாட்டுப்புறத்தின் அடையாளம் எதுவுமே இல்லை. பாடுபவர் ஆணாயினும் பெண்ணாயினும், நண்பரைக் குறிக்கும் சுட்டுப்பெயர் ஒன்றை மாற்றினாற் போதும். மற்றச் சொற்கள் இருபாலுக்கும் பொருந்தும். தமிழிலாயின் வினைமுற்றே பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அத்தடை இல்லை. மெட்டோ மூன்று தட்டுக்கு ஒரு சுற்றாகச் செல்லும் நடை. நம் திஸ்ர நடையை ஒத்தது என்று சொல்லலாம். மத்திய ஐரோப்பாவில் பிறந்த அந்நடையைப் போலந்து வழிவந்தவரின் குழு வாசிக்க, டென்னஸிக்காரர் சொல் தர, கென்டக்கிப் பாட்டொன்று தூண்டுகோலாயிற்று. வேலியைத் தாண்டிய பாட்டு என்று இதைச் சொல்கிறோம். உண்மையில் பல வேலிகளைத் தாண்டிய பின்னரே அது பிறந்தது.

1947 டிசம்பரில் கிங்கின் குழு அதை இசைத்தட்டில் பதிந்தது. புத்தாண்டு முதல் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்திருந்தமையால், கம்பெனிகள் யாவும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவசர அவசரமாகப் பதிந்துகொண்டிருந்த காலம் அது. 1948-இல் நாட்டுப்புற இசைப் பட்டியலில் அத்தட்டு மூன்றாம் இடம் வரை சென்றது. அதே ஆண்டில் கௌபாய் கோப்பாஸ் என்பவர் பாடிய தட்டும் மூன்றாம் இடத்தை எட்டியது. நாட்டுப்புறத்தில் நல்ல வெற்றி, நகரத்தார் அறியவில்லை. கதை அத்துடன் முடிந்திருக்கலாம்.

முடியாமற் செய்தது சட்டத்தின் ஒரு பிரிவு. 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டை அதன் உரிமையாளர் ஒருமுறை பதிவு செய்ய இசைந்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பதிந்து விற்கலாம். தட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் செலுத்தினாற் போதும். இந்தத் தொகை பதிப்பகத்துக்கும் பாட்டாசிரியர்களுக்கும் உரியது. பாட்டு ஒரு வண்டிபோல் ஒரு குழுவிடமிருந்து மற்றொரு குழுவுக்கு ஓடிக்கொண்டேயிருக்க இச்சட்டம் வழி செய்தது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குச் சொல்லும் மெட்டும்தான் தெரிந்தன. பழைய மெட்டுக்குப் புது உயிர் ஊட்டும் வாத்திய அமைப்புக்கும், பாடும் பாங்குக்கும் இந்த இரண்டு சென்ட்டில் பங்கில்லை. தட்டில் பதிந்த ஒலிக்கு மத்திய அரசின் பதிப்புரிமைப் பாதுகாப்பே 1972 வரை கிடையாது.

இச்சட்டம் தந்த வழியில் அப்பாட்டை எடுத்துக்கொண்டவர் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ். அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரில் பிறந்த கறுப்பின டிரம்பெட் வித்தகர். 1939-ஆம் ஆண்டின் "டக்ஸீடோ ஜங்ஷன்" என்னும் இசையால் புகழ்பெற்ற குழுவின் தலைவர். 1950-இல் அவருடைய குழு டென்னஸி வால்ட்ஸைத் தம் பாணியில் பதிந்தது. ஹில்பில்லி வேலிக்குள் பிறந்த பாட்டு ரேஸ் வேலிக்குள் சென்றுவிட்டது. அப்பெயர்களும் அப்போது மாறிக்கொண்டிருந்தன. இசை வாணிக இதழான பில்போர்டு 1949 ஜூன் மாதத்தில் பழைய இழிபெயர்களைக் கைவிட்டு, ஒன்றைக் கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன் என்றும், மற்றொன்றை ரிதம் அண்டு புளூஸ் என்றும் வழங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாவது பெயரைப் படைத்தவர் அவ்விதழில் பணியாற்றிய ஜெர்ரி வெக்ஸ்லர். ஹாக்கின்ஸின் தட்டைக் கேட்டு வியந்து, பாட்டி பேஜ் என்னும் பாடகியின் காரியதரிசியான ஜாக் ரேலிடம் பரிந்துரைத்தவரும் அவரே.

பாட்டி பேஜின் இயற்பெயர் கிளாரா ஆன் ஃபவுலர்; 1927-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். பேஜ் என்பது ஒரு பால் கம்பெனியின் பெயர். டல்ஸா நகர வானொலியில் அக்கம்பெனி நடத்திய நிகழ்ச்சியின் பாடகிக்கு நிகழ்ச்சியின் பெயரே பெயராக இருந்தது. கிளாரா அவ்விடத்துக்கு வந்து, அப்பெயரையும் ஏற்றார். 1947-இன் இறுதியில் ஒரு பதிவின்போது துணைப்பாடகர் இல்லாத குறையைத் தீர்க்கத் தம் குரலுக்குத் தாமே மறுகுரல் கொடுத்தார். முன்பே பதிந்த தம் பாட்டைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் குரலைப் பாடினார். ஒருத்தியே இருவராக நின்று பாடும் அவ்வுத்தி அவருடைய அடையாளமாகியது.

1950 நவம்பரில் நியூயார்க்கில் அவர் டென்னஸி வால்ட்ஸைப் பதிந்தார். மெர்க்குரி கம்பெனிக்கு அப்போது வேண்டியிருந்தது கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று. அதுவே தட்டின் முதற்பக்கம். கம்பெனியின் எதிர்பார்ப்பு எல்லாம் அதன்மேலேயே இருந்தது. டென்னஸி வால்ட்ஸ் மறுபக்கத்தை நிரப்பச் சேர்த்த பாட்டு. தட்டு வெளிவந்ததும் மக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். காசு போட்டால் பாடும் ஜூக் பெட்டிகளில் மறுபக்கமே சுழன்றது. 1950 டிசம்பர் இறுதியில் பொது விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து, ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. நாட்டுப்புறப் பட்டியலிலும் அதே தட்டு இரண்டாம் இடத்தை எட்டியது. லெஸ் பால்–மேரி ஃபோர்டு, ஜோ ஸ்டாஃபோர்டு, கை லம்பார்டோ ஆகியோர் பதிந்த தட்டுகளும் அடுத்தடுத்துப் பட்டியலேறின. கிங்கின் பழைய தட்டும் 1951-இல் மீண்டும் விற்பனையாகத் தொடங்கியது.

பேஜின் பாட்டில் அப்படி என்ன இருந்தது? அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. தன் இழப்பைச் சொல்பவள் குரலை உயர்த்தவேயில்லை. ஒரு குரலுக்குப் பின்னால் அதே குரல் சற்று விலகி நின்று தொடர்வதால், நிகழ்ந்ததைச் சொல்பவளும் அதை நினைந்து நிற்பவளும் ஒருங்கே பாடுவதுபோல் தோன்றுகிறது. ஃபிரெட் ரோஸின் திருத்தம் சொல்லில் கொணர்ந்த நினைவை, இவ்வுத்தி ஒலியில் கொணர்ந்துவிட்டது.

வெற்றியின் கணக்கைப் பார்ப்போம். விற்ற ஒவ்வொரு தட்டுக்கும், யார் பாடியதாயினும், அக்கஃப்–ரோஸ் பதிப்பகமும் கிங்கும் ஸ்டூவர்ட்டும் பங்கு பெற்றார்கள். நியூயார்க்கில் தட்டு விற்க, அதன் உரிமைப்பணம் நாஷ்வில்லுக்கு வந்தது. நாட்டுப்புறப் பாட்டு செல்வமாகும் என்பதை அந்நகரம் கண்கூடாகக் கண்டது. 1951-இல் அதே பதிப்பகத்தின் கவிஞர் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டை டோனி பென்னட் பாடி முதலிடம் பெற்றார். பேஜ் தம் வாழ்நாள் முழுவதும் இப்பாட்டால் அறியப்பட்டார். வெக்ஸ்லர் 1953-இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து பெருந்தயாரிப்பாளராக உயர்ந்தார். வேலியின் அப்பால் பாட்டை முதலில் எடுத்துச் சென்ற ஹாக்கின்ஸுக்கோ, பேஜின் தட்டிலிருந்து சட்டப்படி ஒரு சென்ட்டும் உரியதன்று. இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. சட்டம் சொன்னபடியே எல்லாம் நடந்தன. அதனாலேயே இது நம் சிந்தனைக்கு உரியதாகிறது. வாயிலைத் திறந்தவருக்கு வீட்டில் பங்கில்லை என்று கூறும் கணக்கு, சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம், வரலாற்றுக்குச் சரியன்று.

வரலாறு வேறு வகையில் சிறிது ஈடு செய்தது என்று சொல்லலாம். 1962-இல் ரே சார்ல்ஸ் என்னும் கண்பார்வையற்ற கறுப்பினக் கலைஞர் கன்ட்ரி பாட்டுகளைத் தம் பாணியில் பாடி ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டார். அதிலிருந்த டான் கிப்ஸனின் பாட்டு ஒன்று நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. 1964-இல் சாம் குக்கும், 1966-இல் ஓட்டிஸ் ரெட்டிங்கும் டென்னஸி வால்ட்ஸையே பதிந்தார்கள். ஹாக்கின்ஸ் தொடங்கிய பாதை அழியவில்லை. கடலுக்கு அப்பாலும் ஒரு பாதை சென்றது. 1952 ஜனவரியில், ஜப்பான் இன்னும் அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்தபோது, எரி சியெமி என்னும் பதினைந்து வயதுச் சிறுமி ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் கலந்து இப்பாட்டைப் பாடிப் பெரும்புகழ் பெற்றாள். படைமுகாம்களில் பாடிப் பழகிய குரல் அது. டென்னஸி எங்கே இருக்கிறதென்று அறியாதவர்களும் காதலை இழந்த துயரத்தை அறிந்திருந்தார்கள். 1965-இல் டென்னஸி மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வமான மாநிலப் பாடல்களுள் ஒன்றாக ஏற்றது. அதனைப் பரப்பியவர் ஓக்லஹோமாக்காரர். மெட்டைத் தந்தவர் விஸ்கான்ஸின்காரர். சொந்த ஊர்ப்பாட்டு என்பதற்கு இலக்கணம் வகுப்பது எளிதன்று.

வேலிகள் மறைந்துவிட்டனவா? 2019-ஆம் ஆண்டில் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞரின் "ஓல்டு டவுன் ரோடு" என்னும் பாட்டைப் பில்போர்டு இதழ் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வகைக்குரிய கூறுகள் போதிய அளவில் இல்லை என்பது காரணம். அதே பாட்டு பொதுப் பட்டியலில் பத்தொன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. 2024-இல் பியான்ஸே கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைப் பெற்றபோது, அவ்விடத்தைப் பெற்ற முதற் கறுப்பினப் பெண் அவரே. டிஃபோர்ட் பெய்லி ஆப்ரி மேடையை விட்டு இறங்கி எண்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின் அது நிகழ்ந்தது. வேலியின் பெயர்கள் மாறின. வேலி போடும் வழக்கம் எளிதில் மாறவில்லை.

பீ வீ கிங் 2000-ஆம் ஆண்டிலும், ரெட் ஸ்டூவர்ட் 2003-ஆம் ஆண்டிலும், பாட்டி பேஜ் 2013-ஆம் ஆண்டின் முதல்நாளிலும் மறைந்தார்கள். பாட்டு மறையவில்லை. ஒரு பாட்டு எவருக்குச் சொந்தம் என்று தொடக்கத்தில் வினவினோம். சட்டத்தின் விடையை அறிந்தோம். அதன் குறையையும் அறிந்தோம். பாட்டின் உரிமை தீப்பெட்டியின் பின்புறத்தில் எழுதியவர்களுக்கு உண்டு. வேறொரு மேடைக்கு அதை எடுத்துச் சென்றவருக்கும் உண்டு. தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்ட மக்களுக்கும் உண்டு. நாம் ஒரு பாட்டைக் கேட்டு மகிழும்போது, அது நம்மிடம் வந்து சேர எத்தனை கைகள் மாறியதோ அத்தனை பேரையும் நினைத்தல் கடமை. உரிமைத்தொகை கிடைக்காதவருக்கு நாம் செலுத்தக்கூடியது, அவர் பெயரைத் தெரிந்துகொண்டு பிறருக்குச் சொல்வதே.